ஆமாம் வாங்குவது

பெயரை வெட்டிவிட்டுத்தான் எதையும் படிக்க வேண்டும் என்பது டீச்சருடைய சட்டம். எங்கள் தத்துவத் துறை நடத்திய ஆய்விதழில் வருஷத்துக்கு ஒன்று மாணவர் இதழ். அதற்கு வரும் கட்டுரைகள் மின்னஞ்சலில் வந்தாலும் அச்செடுத்து, முதல் பக்கத்தின் தலையைக் கத்தரித்து, ஒரு எண் போட்டு அலமாரியில் வைப்பது என் வேலை. எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர், யார் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் படிக்கிறவன் வாதத்தை விட்டுவிட்டு ஆளைப் படிக்க ஆரம்பித்துவிடுவான் என்பார். ஆகவே அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த இந்த நேரத்தில் அவர் பெயரையும் அதே கத்தரியால் வெட்டிவிடுகிறேன். கோபப்படமாட்டார். கோபப்படுவதற்கு முன்னால் காரணம் கேட்பார். காரணம் சரியாக இருந்தால் ஒப்புக்கொண்டுவிடுவார்.

அதுதான் அவர். வாதத்தில் ஜெயிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எங்கள் துறையே அவர்களால் நிரம்பியது. தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் பேச்சை மாற்றுவார்கள், இல்லையென்றால் டீ குடிக்கப் போவார்கள். தோற்ற பிறகு தோற்றபடியே வாழ்ந்து காட்டிய ஆள் என் அனுபவத்தில் இவர் ஒருவர்தான். முதலில் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அப்புறம் பயமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

நாங்கள் இருவருமே நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். திருவனந்தபுரத்தில் அந்தக் கல்லூரியில் நான் சேர்ந்தபோது அவர் அங்கே இருபது வருஷம் முடித்திருந்தார். வகுப்பில் மலையாளமும் ஆங்கிலமும். துறை அறையில் எங்களுக்குள் மட்டும் தமிழ், அதுவும் பாதி மலையாளம். ஆள் குள்ளம். வேக நடை. கண்ணாடியை ஒரு கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். யாராவது அவரை வாதத்தில் மடக்கிவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "செரி. அது நேராக்கும். நான் தோத்தேன்" என்பார். நேர் என்றால் உண்மை. நல்ல மாம்பழம் ஒன்று கையில் கிடைத்த மாதிரி முகம் இருக்கும்.

ஒரு தடவை கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்கினோம். கையில் இதழின் ப்ரூஃப் கட்டு. மழை. அச்சகம் இருந்தது அட்டக்குளங்கரையில், நடந்தால் ஐந்து நிமிஷம். டீச்சர் வரிசையில் முதலில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து மலையாளத்தில் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "டீச்சரே, நான் ஒரு மணி நேரமா இந்த வரிசையில நகர்ந்து நகர்ந்து முன்னால வந்திருக்கேன். இந்த அட்டக்குளங்கரைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா மறுபடி கடைசியில நிக்கணும். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

நானாக இருந்தால் சட்டம் பேசியிருப்பேன். டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நேராக்கும். இறங்குங்க சாரே."

ப்ரூஃபைச் சேலை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஓட்டுநர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், அவர் இப்படி ஜெயிப்போம் என்று எதிர்பார்க்கவில்லை.

வருகைப் பதிவேட்டுக் கதை இதைவிட மோசம். காலையில் தாமதமாக வந்த ஒரு பையன், 'நாங்கள் சொல்லும் காரணத்தை நம்பாத டீச்சர் நாங்கள் எழுதும் கட்டுரையை மட்டும் எப்படி நம்புவீர்கள்' என்று கேட்டுவிட்டான். அன்றே பதிவெடுப்பதை நிறுத்திவிட்டார். பிரின்சிபாலிடமிருந்து மெமோ வந்தது. பையனுடைய வாதத்தை வரிசை எண் போட்டு எழுதி அதையே பதிலாக அனுப்பினார். பிரின்சிபால் நேரில் கூப்பிட்டு, பஸ் சலுகையும் உதவித்தொகையும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கிடைக்கிறது, உங்கள் நம்பிக்கைக்காக ஏழைப் பிள்ளைகள் நடந்து வர வேண்டுமா என்றார். திரும்பி வந்த டீச்சர், "அவருகிட்டேயும் தோத்தேன். ஒரே வாரத்துல ரெண்டு!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு மறுபடி பதிவெடுக்க ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவர் ஆசிரியராக இருந்தால் ஓர் இதழ் எப்படி நேரத்துக்கு வரும்? வராது. மாணவர் கட்டுரைகளை அச்சிடுவது மற்ற இடங்களில் ஒரு ஊக்கப்பரிசு மாதிரி. நாலு பிழை திருத்தி, முதுகில் தட்டிக்கொடுத்து, போட்டுவிடுவார்கள். டீச்சருக்கு அது அவமானம். பிள்ளைகளை அவமானப்படுத்துவது என்றே சொல்வார். பெரிய பேராசிரியரின் கட்டுரைக்கு என்ன சோதனையோ அதே சோதனை இவர்களுக்கும். கூடவே அவர் சொந்தமாகச் சேர்த்த ஒரு சோதனையும் உண்டு. அதற்குப் பிள்ளைகள் வைத்த பேர் 'ஆமாம் வாங்குவது'.

ஒருவருடைய கருத்தை எதிர்த்து எழுதுகிற மாணவர், அந்தக் கருத்துக்காரர் முன்னால் போய் உட்கார வேண்டும். எதிர்க்கக் கூடாது. அவருடைய கருத்தைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு, 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்றால்தான் கட்டுரை அச்சுக்குப் போகும். இல்லை என்றால் திரும்பிப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். கருத்துக்காரர் செத்துப்போனவராகவோ கடல் தாண்டி இருப்பவராகவோ இருந்தால் துறையில் ஒருவர் அவர் வேஷம் கட்ட வேண்டும். ஒரு வருஷம் மூன்று வாரம் நான் உலகாயதவாதியாக இருந்தேன். கண்ணால் காணாத எதுவும் இல்லை என்று வீட்டிலும் பேச ஆரம்பித்ததில், என் மனைவி இரண்டு நாள் சமையலறைப் பக்கமே என்னை விடவில்லை. கடைசியில் அலுத்துப்போய் அந்தப் பையனுக்கு ஆமாம் சொல்லிவிட்டேன். டீச்சர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"அவன் சொன்னது செரியா இருந்துதா, இல்ல அவனுக்கு பஸ்ஸு போயிரும்னு ஆமான்னு சொன்னீங்களா?"

"பஸ்ஸு..."

"அப்போ நீங்க அவனை ஏமாத்தியாச்சு. நாளைக்கு மறுபடி வரச் சொல்லுங்க."

அந்தப் பையன் இன்றும் என்னை எங்கே கண்டாலும் சிரிப்பான், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பழி இருக்கும்.

இனி அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வந்த ஒரு பெண் இருந்தாள். வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். வகுப்பில் கடைசி பெஞ்சு, வாயே திறக்கமாட்டாள். அவள் மலையாளத்தில் எழுதிக் கொடுத்த கட்டுரையின் தலைப்பு, இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு என்பது. தலையைக் கத்தரிக்கும் முன் நான் படித்துவிட்டேன். படித்ததும் கை நின்றுவிட்டது. அவள் எதிர்த்து எழுதியிருந்தது டீச்சரையே.

டீச்சர் பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கட்டுரை வெளியூர் அறிஞர்கள் வரை பேர் வாங்கியது. அவருடைய பேரே அதில்தான் நின்றது. வாக்கு வாங்கியவர் இறந்துவிட்டால் அந்த வாக்கு நம்மைக் கட்டாது என்று அதில் வாதாடியிருந்தார்.

அந்தக் கட்டுரை எங்கிருந்து பிறந்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மையும் அவருடைய அம்மையும் ஒரே தெரு. டீச்சருக்கு ஓர் அண்ணன். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் புத்தி வளர்ச்சி நின்றுபோனவர். நாகர்கோவில் பக்கம் ஓர் இல்லத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மை சாகும்போது டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு அவன்கூட இருந்து தின்னணும். டீச்சர் கையடித்துக் கொடுத்தார். ஒரு வருஷம் தவறாமல் போனார். அண்ணனுக்கு ஞாயிறும் தெரியவில்லை, தங்கையும் தெரியவில்லை. பிறகு நிறுத்திவிட்டார். அதற்கடுத்த வருஷம் அந்தக் கட்டுரை வந்தது. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் ப்ரூஃப் திருத்தினோம்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் ஒரு கட்டுரையில் தோற்றால் கட்டுரையோடு போயிற்று. இவர் தோற்றால் ஆட்டோவை விட்டு மழையில் இறங்குகிறவர். இந்தப் பெண்ணிடம் தோற்றால், செத்த அம்மைக்குக் கொடுத்த வாக்கைப் பத்து வருஷத்துக்கு மேலாக ஞாயிறுதோறும் மீறியவள் நான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டி வரும். எனக்கு அதைப் பார்க்க மனசில்லை.

ஆகவே கத்தரியை இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். எழுதியவள் பேரோடு, எதிர்க்கப்பட்டவர் பேரையும் வெட்டினேன். அடிக்குறிப்புகளைத் தூக்கினேன். 'ஒரு சாரார் கூறுவர்' என்று ஆக்கிவிட்டேன். யாருடைய கருத்து என்றே இல்லையென்றால் ஆமாம் வாங்கப் போக ஆளும் இல்லை, கட்டுரை அப்படியே கிடந்து அடுத்த வருஷத்துக்குப் போய்விடும் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள் டீச்சர் அந்தத் தாள்களை ஆட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"சாரே, ஏழாம் நம்பர் படிச்சீங்களா? இதாக்கும் கட்டுரை! எதிராளியை நிக்க விடாம அடிச்சிருக்கு. ஆனா ஒரு சந்தேகம். ஆளு செத்தா வாக்கும் செத்துதுன்னு, எந்த மண்டனாக்கும் இதச் சொன்னது?"

நான் மேஜையைப் பார்த்தேன். மண்டன் என்றால் முட்டாள். அந்தப் பெண் நாலே வரியில் டீச்சரின் வாதத்தைச் சப்பையாக்கிச் சொல்லியிருந்ததால் பெற்றவளுக்கே பிள்ளை அடையாளம் தெரியவில்லை.

"யாராக்கும்? பேரைச் சொல்லுங்க. ஆமாம் வாங்கணும்லா?"

"டீச்சர்தான்" என்றேன்.

முதலில் சிரித்தார். அப்புறம் நின்றுகொண்டே கட்டுரையை முதலிலிருந்து படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்தார்.

"பேரை எதுக்கு வெட்டினீங்க?"

"எழுதினவங்க பேரை வெட்டணும்னு சொல்லியிருக்கீங்களே, அதுபோல..."

"பொய் சொல்லாதீங்க சாரே. எங்க அண்ணன் காரியம் உங்களுக்குத் தெரியும், அல்லே?"

"தெரியும் டீச்சர்."

"அப்போ என்னைக் காப்பாத்தப் பாத்தீங்க. இந்தப் பிள்ளைகிட்ட இருந்து." தாள்களை அடுக்கி மேஜையில் வைத்தார். பிறகு, "இது என் கருத்து இல்ல, என் கருத்தோட எலும்பாக்கும். ஆனா மண்டன்னு நான் சொன்னது சொன்னதுதான், அத வாபஸ் வாங்க மாட்டேன். அவளை வரச் சொல்லுங்க" என்றார்.

சட்டப்படி அவர் ஆமாம் சொல்லாத வரை அந்தக் கட்டுரை வெளிவராது. ஒவ்வொரு தடவையும் 'இல்லை, நான் சொன்னது இது இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தாலே போதும். யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு அதில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது.

முதல் தடவை அந்தப் பெண் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சொன்னாள். டீச்சர், "இல்ல மக்ளே. ஒரு வாக்கு எதனால நம்மைக் கட்டுதுன்னு நான் சொல்றேன்? அதப் படிச்சுட்டு வா" என்றார்.

இரண்டாம் தடவை அவள் நன்றாகவே சொன்னாள். வாக்கு என்பது ஒரு பூட்டு. சாவி வாக்கு வாங்கினவர் கையில். அவர் நினைத்தால், போகட்டும் விடு என்று திறந்துவிடலாம். அவர் செத்துவிட்டால் சாவி போய்விட்டது. அப்புறமும் அந்த வாக்கு கட்டும் என்றால், அது யாராலும் திறக்க முடியாத சிறை. யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தாலும் வெளியே வர வழியில்லை. அப்படி ஒரு சிறையில் மனுஷனைப் போடுவது நியாயம் இல்லை. ஆகவே சாவியோடு பூட்டும் போக வேண்டும்.

எனக்கு அது டீச்சரின் கட்டுரையே பேசுவது மாதிரி இருந்தது. டீச்சர் தலையை ஆட்டினார்.

"இன்னும் இல்ல."

ஆக, இவரும் எல்லாரையும் போலத்தான். தன் வீட்டு வாசலுக்கு வந்தால் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏமாற்றம். இரண்டும் சேர்ந்து வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கும் பொறுமை போய்விட்டது. "இதுக்கு மேல என்ன இருக்கு டீச்சர்? எல்லாம் சொல்லியாச்சே."

"எல்லாம் சொன்னே. ஆனா ஒருத்தி ஏன் இப்பிடி நினைப்பான்னு நீ சொல்லல. ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கு."

அவள் யோசித்தாள். பிறகு நேராகப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர் யாருக்காவது அப்படி வாக்கு கொடுத்திருந்தீங்களா?"

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். டீச்சர் ஒளிக்கவில்லை. அம்மை, அண்ணன், ஞாயிற்றுக்கிழமைச் சோறு, எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு வருஷம் போனேன் மக்ளே. அவன் செவுத்தைப் பாத்துட்டுத் தின்பான். நான் அவன் முதுகைப் பாத்துட்டுத் தின்பேன். அங்க எனக்குத் தோணிச்சு, இது யாருக்காக்கும்? அம்மைக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியாது. என் ஞாயித்துக்கிழமை மட்டும் போகுது. அதுலேருந்தாக்கும் அந்தக் கட்டுரை வந்தது. இத உள்ள வச்சுச் சொல்லு."

மூன்றாம் தடவை அவள் அதை உள்ளே வைத்துச் சொன்னாள். டீச்சரின் பேரையோ அண்ணனையோ சொல்லவில்லை. ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட பெண்ணுக்கு ஏன் விடுதலை வேண்டியிருந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, அந்தக் கருத்து சரி என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"ஆமா" என்றார் டீச்சர். "நான் சொல்றது இதுதான். நான் சொன்னதைவிட நல்லாச் சொல்லிட்டே."

அந்தப் பெண் சந்தோஷப்படவில்லை. தன் கட்டுரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "டீச்சர், அப்போ நான் எழுதியிருக்கிற எதிர்ப்பு இதுக்குப் போதாதே."

"போதாது. அது அந்த மண்டனை அடிக்கத்தான் போதும். வேற தேடு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் இரண்டு தடவை இல்லை என்று சொன்னது ஒளிவதற்காக அல்ல. தன்னை அடிக்க வந்த கம்பு மெலிசாக இருக்கிறது, தடித்த கம்பாக எடுத்து வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அதுவும் எதைப் பறிகொடுப்போம் என்று நன்றாகத் தெரிந்தே. என் ஆயுசில் ஒரு மனுஷிக்கு முன்னால் இவ்வளவு சிறிசாக நான் உணர்ந்ததில்லை.

அவள் ஊருக்குப் போனாள். லயத்தில் சிக்னல் கிடையாது, மலைக்குக் கீழே கல்லாற்றுக்கு இறங்கினால்தான் போன் பேசும். பத்து நாள் ஒரு செய்தியும் இல்லை. அச்சகத்தில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் விட்டுவிடலாம் டீச்சர், அந்தப் பிள்ளையே விட்டுவிட்டது என்றேன். "அவ விடலாம். கேள்வி விடாதுல்லா" என்று சொல்லிவிட்டு அவர் பழைய ஏழாம் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குப் பதிலாகத் தனக்கு எதிராகத் தானே யோசித்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் கல்லாற்றிலிருந்து 'வருகிறேன்' என்று ஒரு குறுஞ்செய்தி. மத்தியானம் வந்துவிட்டாள். வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"டீச்சர், இதுல ஒரு ஆள் கதை வருது. கட்டுரையில சொந்தக் கதை வரக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காங்க. அதனால அ, ஆ, இ-ன்னு வச்சிருக்கேன். அ சாகக் கிடக்கா. பக்கத்து வீட்டு ஆ-கிட்ட, என் பிள்ளை இ-யை வளக்கணும்னு வாக்கு வாங்குறா. வாங்கிட்டுச் செத்துப்போறா. டீச்சர் சொல்றபடி பாத்தா, ஆ அந்த நிமிஷமே விடுதலை. அந்த வாக்கு எப்ப வேலை செய்யணுமோ அப்ப அது இல்ல. அப்படின்னா சாகப்போற யாரும் யாருகிட்டேயும் எதுவும் கேக்கவே முடியாது."

"அது தெரிஞ்ச எதிர்ப்புதான்" என்றார் டீச்சர் உடனே. "ஆ அந்தக் குழந்தையை வளப்பா. வாக்குக்காக இல்ல, பாசத்துக்காக. பச்சைப் பிள்ளை கண்ணு முன்னால கெடந்தா யாரும் தூக்குவாங்க."

"தூக்குவாங்க. ஒரு மாசம் தூக்குவாங்க. ஆ-வுக்கு ஏற்கெனவே மூணு பிள்ளைங்க டீச்சர். கொழுந்து பறிக்கப் போகணும். இ-யைக் கண்டா எரிச்சலா வர்ற நாளு நிறைய இருந்திருக்கு. அவளே சொல்லியிருக்கா. பாசம் வராத அன்னைக்கெல்லாம் வாக்குதான் சோறு போட்டுச்சுன்னு."

டீச்சர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "இ யாரு?"

"நான்தான்."

நான் இரக்கப்பட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, அவளிடம் சண்டையைத் தொடர்ந்தார். நம்புவீர்களா? இரண்டு மணி நேரம். அவள் கதையைக் கேட்டு உருகி விட்டுக்கொடுப்பது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்றுவிடாமல் எல்லாப் பக்கமும் அடித்துப் பார்த்தார். கடைசியில் சாவிக்கு வந்தார்.

"செரி மக்ளே. சாவி வச்சிருந்தவ போயாச்சு. பின்னே அது சிறைதானே? உன்னை வளத்தவளுக்கு யாரு விடுதலை கொடுப்பா?"

"சாவி போகல டீச்சர். எங்க அம்மா சாகும்போது சாவியையும் அவ கையிலதான் கொடுத்துட்டுப் போனா. யாரும் கேக்கமாட்டாங்க, யாருக்கும் தெரியாது, எந்த நாளும் அவ திறந்துட்டுப் போயிருக்கலாம். அது சிறை இல்ல. திறக்காம இருந்தா. அவ்வளவுதான். சாகப்போறவங்க அதுக்குத்தானே ஆள் பாத்துக் கேக்குறாங்க?"

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை மாம்பழம் கிடைத்த முகம் இல்லை. கயிறு கையில் சிக்கிக்கொண்டது, அதை விடுவிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நேராக்கும்" என்றார். "நான் தோத்தேன்."

அந்தப் பெண் அழுதுவிட்டாள். டீச்சர் அழவில்லை. "அ, ஆ, இ எல்லாம் எடுத்துரு. நான்தான் அந்தப் பிள்ளைன்னே எழுது. அது சொந்தக் கதை இல்ல, சாட்சியாக்கும். சார் ஒத்துக்குவாரு." நான் ஒத்துக்கொண்டேன்.

கட்டுரை அச்சாகும்போது எதிர்க்கப்பட்டவர் பதில் எழுத இடம் தருவது வழக்கம். அச்சகத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். நானும் சொன்னேன், எத்தனையோ பேர் உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், கொஞ்சமாவது தற்காத்துக்கொள்ளுங்கள், அங்கங்கே நுணுக்கமாக ஏதாவது சொல்லலாம் என்று. அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'இந்தக் கட்டுரைக்கு என்னிடம் பதில் இல்லை. என் பழைய கட்டுரை தவறு.' கீழே முழுப் பெயர். இரண்டு பக்கத்துக்கு அந்த ஒரு வரிதான் என்றதும் அச்சகத்துக்காரர் தாள் வீணாகிறது என்று முணுமுணுத்தார். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டு, உங்கள் டீச்சருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

இதழ் வெளிவந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் என் வீட்டுக்குப் போக நாகர்கோவில் பஸ்ஸுக்காகத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். டீச்சர் வந்தார். கையில் டிபன் கேரியர். எங்கே என்று நான் கேட்கவில்லை. "நீங்களும் வாருங்க சாரே, சோறு நிறைய இருக்கு, மூணு பேருக்குக் காணும்" என்றார்.

இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணன் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, டீச்சருடைய அதே மூக்கு. டீச்சர் அவர் பக்கத்தில் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து சோறு போட்டார். அவர் தங்கையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். டீச்சரும் சாப்பிட்டார். அவருக்குத் தெரியவே இல்லையே டீச்சர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. அந்த வாதத்தை அந்தப் பெண் எங்கே வைத்து எப்படித் தோற்கடித்தாள் என்பதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தவன். சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினேன்.

அண்ணன் தன் இலையில் இருந்த பப்படத்தைத் தின்று முடித்தார். சுவரைப் பார்த்தபடியே இடது கையை நீட்டி, டீச்சர் இலையில் இருந்த பப்படத்தை எடுத்து அதையும் தின்ன ஆரம்பித்தார்.

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் கூட ரெண்டு பொரிக்கணும்" என்றார்.